பறிச்சவுக காய்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். நினைவும் சரியில்லை. போன வாரம் வீட்டுக்கு வந்து போனவர் யார் என்பது மறந்துபோகிறது. ஆனால் அந்தக் காலத்துக் காலை பஸ்ஸில் எந்த ஜன்னல் மூடாது என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் முன்பின்னாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உழவர் சந்தையில் புதிதாகக் கார்டு வாங்கியிருக்கும் பிள்ளைகளுக்காக, பழைய ஆட்கள் ஆளுக்கு ஒன்று எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். பேசச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். நாலு பேர் முன்னால் வாய் திறப்பது எனக்கு எந்த வயதிலும் கைகூடவில்லை. இப்படிப்பட்டவள் எப்படி வியாபாரம் பார்த்தாள் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் சொல்ல வந்ததும் அதைப் பற்றித்தான். காயை எப்படி அடுக்குவது, எப்படி நிறுப்பது என்பதெல்லாம் நீங்களே நாலு நாளில் பழகிவிடுவீர்கள். அதை எழுதப்போவதில்லை.

எங்கள் ஊர் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில். கிணற்றைச் சுற்றிக் கொஞ்சம் தோட்டம். அதில் கத்தரியும் வெண்டையும். மற்றதெல்லாம் மழையை நம்பிய கரிசல். அந்தக் கரிசல் நிலத்தை நாங்கள் காடு என்றுதான் சொல்வோம். நான் வாக்கப்பட்டு வந்தது எண்பதுகளின் தொடக்கம். வீட்டுக்காரர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். காயை விற்பது என் தலையில் விழுந்தது. அப்போது உழவர் சந்தை கிடையாது. அருப்புக்கோட்டையில் ரோட்டோரம் காலையில் சாக்கை விரித்து உட்காருவோம்.

முதல் நாள் உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி ஒரே கூப்பாடு. ஒருத்தர் தக்காளி என்கிறார், ஒருத்தர் முருங்கை என்கிறார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. துட்டி கேட்க இழவு வீட்டுக்கு வந்தவள் மாதிரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கத்தரிக்காய்க்குப் பின்னால் குனிந்து இருந்தேன். யாரும் நின்று பார்க்கவில்லை.

பக்கத்துச் சாக்கில் ஓர் அக்கா இருந்தார். எங்களுக்கு அடுத்த ஊர். நிலம் கிடையாது. கூலிக்குக் களை எடுப்பார். காட்டில் கிடைக்கும் கீரையை, மிதுக்கங்காயைக் கொண்டுவந்து விற்பார். மழைக்காலம் வந்தால் அதலைக்காய். தன் பெயரை எதிலும் எழுதக் கூடாது என்று எப்போதோ சொல்லியிருப்பதால் அக்கா என்றே எழுதுகிறேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏ புள்ள, காய விக்க வந்தியா, காவலுக்கு வந்தியா?"

நான் பதில் சொல்லவில்லை.

"ஊமையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"ஊமை இல்லையாம். அதையும் தலையாட்டித்தேன் சொல்லுது" என்று சிரித்தார். பிறகு தன் பாட்டுக்குத் தொண்டையைத் திறந்தார். "வாங்க தாயி, கசப்பு இங்க, கத்தரி அங்க! அதலைய மட்டும் வாங்கிட்டுப் போனா வீட்டுக்காரரு மொகத்தச் சுளிப்பாக, கத்தரியையும் சேத்து வாங்கிட்டுப் போங்க!"

ஆட்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அன்றைக்கு என் கத்தரிக்காய் தீர்ந்தது. அதற்குப் பிறகு உழவர் சந்தை வரும்வரை, அத்தனை வருஷமும், என் காய்க்கும் சேர்த்துக் கூவியது அக்காவின் தொண்டைதான். பதிலுக்கு நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அவர் கூறு கட்டி விற்பார். நிறுத்துத் தா என்று யாராவது அடம்பிடித்தால் என் தராசில் நிறுத்துக் கொடுப்பேன். டீ குடிக்கப் போனால் இடத்தைப் பார்த்துக்கொள்வேன்.

அதலைக்காயைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். உங்களில் டவுனில் வளர்ந்தவர்கள் இருக்கலாம். பாகற்காய்க்குத் தங்கச்சி மாதிரி, சின்னதாக, வரிவரியாக இருக்கும். கசக்கும். இதை யாரும் விதைப்பதில்லை. கிழங்கு கரிசலுக்குள் கிடக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் கொடி தானாகத் தரையில் ஓடும். சில வாரம் காய்க்கும், அப்புறம் ஓய்ந்துவிடும். பறித்த காயை அன்றைக்கே விற்றாகவேண்டும். வெயில் ஏறிவிட்டால் பழுத்து வாய் பிளந்துவிடும். பிளந்த காயை ஒருத்தரும் வாங்கமாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். காட்டில் விதைத்த சோளமும் பருத்தியும் காட்டுக்காரருக்கு. தானாக முளைத்த அதலைக்காய் பறிப்பவருக்கு. யார் காட்டில் வேண்டுமானாலும் இறங்கிப் பறிக்கலாம். பறிக்கிறவர்கள் அனுமதி கேட்பதில்லை, காட்டுக்காரர் தடுப்பதுமில்லை. வரப்பில் நின்று "செடிய மிதிக்காமப் பறிங்க" என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். அவ்வளவுதான். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே நடந்துகொண்டிருந்தது.

தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் உழவர் சந்தை வந்தது. நிலம் வைத்திருப்பவர்களுக்குக் கார்டு. எங்கள் நிலத்தில் என்ன விளைகிறது என்று பார்த்து அதில் எழுதிக் கொடுத்தார்கள். காலையில் போர்டில் விலை எழுதிப்போடுவார்கள். அந்த விலைக்குத்தான் எல்லாரும் விற்கவேண்டும். கூவ வேண்டியதில்லை, பேரம் பேச வேண்டியதில்லை. எனக்குச் சொர்க்கம் மாதிரி இருந்தது.

அக்கா வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தார். "உனக்குன்னே கட்டியிருக்காக புள்ள. காலையில வாய மூடிட்டு வந்தா மத்தியானம் மூடின வாயோட திரும்பிப் போலாம்."

அவருக்கு நிலம் இல்லை, அதனால் கார்டு இல்லை. பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். ஆனால் ரோட்டோரம் காய் வாங்க யார் வருவார்கள்? எல்லாரும் சந்தைக்குள் போய்விட்டார்கள். அக்காவும் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தை வாசலுக்கு வந்தார். வாசலை அடைக்கக் கூடாது என்று காவல்காரர் தள்ளிப் போகச் சொன்னார். தள்ளித் தள்ளி, பக்கத்துச் சந்துக்குள் ஒரு வேப்ப மரத்தடிக்குப் போய்விட்டார். அங்கிருந்து அவர் கூவினால், வாசலில் நிற்கும் பஸ்ஸுகளின் ஹாரனைத் தாண்டி ஒன்றும் கேட்காது.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. காடெல்லாம் அதலைக்கொடி. அதே மழைக்கு அக்கா வீட்டு ஓலைக் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. காய் ஓய்வதற்குள் அந்தக் காசில் கூரையை மேய்ந்துவிடவேண்டும் என்று காலையும் மாலையும் காட்டிலேயே கிடந்தார். ஆனால் பறித்ததில் பாதி மரத்தடியில் வாய் பிளந்து கிடந்தது. சாயங்கால பஸ்ஸில் வெறுங்கூடை கொண்டுபோகும் மனுஷி, பிளந்த காயைத் துணிபோட்டு மூடிக் கொண்டுபோவார். யாரும் பார்த்துவிடக்கூடாது என்று.

ஒருநாள் காலை பஸ்ஸில் நான் கேட்டேன். "அக்கா, நேத்து நீங்க எந்தக் காட்டுல பறிச்சீக?"

"ஒங்க வடக்குக் காட்டுலதேன். என்னத்துக்குக் கேக்க?"

"அப்ப எங்க நெலத்துக் காயின்னு சொல்லி உள்ள கொண்டு போயிருதேன். வித்து ஒங்க கையில குடுத்திருதேன்."

அக்கா கூடையின் மேல் கையை வைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் டவுனுக்குள் நுழைந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஒங்க காயின்னா சொல்லுவ?"

"சும்மா பேருக்கு."

"ம். என்னமோ செய்யி. மத்தியானத்துக்குள்ள வெடிச்சிரும்."

நான் கூடையை உள்ளே கொண்டுபோய், என் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தேன். அக்கா கொஞ்ச தூரத்தில், வாங்க வந்தவர் மாதிரி நின்றுகொண்டார். தலையில் கூடை தாங்கும் சும்மாடு அப்படியே இருந்தது; எடுக்க மறந்துவிட்டார்.

சற்று நேரத்தில் சந்தை ஆபீசர் சுற்றி வந்தார். நல்ல மனுஷன், எல்லாரையும் அம்மா, ஐயா என்றுதான் கூப்பிடுவார். கூடைக்கு முன்னால் நின்றார்.

"இது அதலைக்காய்தானே? நம்ம போர்டுல இல்லையே. உங்க கார்டுலயும் எழுதலையே. உங்க நிலத்துல விளைஞ்சதாம்மா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அது எனக்குத் தெரிந்த வேலைதான். ஆனால் நான் தலையாட்டுவதற்குள் இரண்டு கடை தள்ளியிருந்த என் கொழுந்தன் எழுந்து வந்துவிட்டார். எங்கள் காட்டுக்கு அடுத்த காடு அவருடையது. அவரிடமும் கார்டு உண்டு.

"எங்க காட்டுக் காய்தான் சார். மதினி காட்டுல கெடக்கு, என் காட்டுல அதைவிட ரெண்டு மடங்கு கெடக்கு. எங்க ரெண்டு பேரு கார்டுலயும் சேத்து எழுதிருங்க. சுகர்காரக இதுக்கு அலையா அலையுதாக. எழுதிட்டீகன்னா நாளையிலருந்து லோடாவே கொண்டாந்து எறக்கிருவோம்."

ஆபீசருக்கு மகிழ்ச்சி. "தாராளமா எழுதலாமே. போர்டுலயும் விலை போட்டுடலாம். ஒண்ணுதான், எழுதின பிறகு உங்க நிலத்துக் காயை நீங்கதான் கொண்டுவரணும். வேற ஆள் மூலமா வரக்கூடாது" என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

பிள்ளைகளே, நான் சொல்ல வந்தது இந்த இடம்தான்.

கொழுந்தன் கெட்டவர் இல்லை. ஆபீசரும் நல்லதுதான் செய்ய வந்தார். நானும் அக்காவுக்கு உதவத்தான் கூடையை உள்ளே கொண்டுவந்தேன். மூன்று பேரும் நல்லது நினைத்துக்கொண்டு நிற்கிறோம். அந்தப் பேனா கார்டில் பட்டால் என்ன ஆகும் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. "நாளையிலருந்து லோடாவே" என்று கொழுந்தன் சொன்னதும்தான் உறைத்தது. லோடாக இறக்க வேண்டுமென்றால் காட்டில் கிடப்பது முழுவதும் அவருக்கு வேண்டும். பிறகு மற்ற பெண்கள் எப்படி இறங்குவார்கள்? காட்டுக்காரர் காய் என்று கார்டில் எழுதிவிட்டால், பறிக்க வருகிறவள் திருடி ஆகிவிடுவாள். இன்றைக்கு ஒரு கூடை விற்றுப்போகும். நாளைக்கு எந்தக் காட்டில் இறங்குவது?

அக்காவைப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் கேட்கும்படி கூவுகிற மனுஷி, ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். அவர் பேசக்கூடாது, பேசினால் காய் அவருடையது என்று தெரிந்துவிடும், கூடை வெளியே போய்விடும். மேய வேண்டிய கூரை இருக்கிறது, வெயில் ஏறுகிறது. பேசவேண்டியவள் நான் ஒருத்திதான்.

"இல்ல சார்" என்றேன்.

எனக்கே கேட்கவில்லை. ஆபீசர் குனிந்து, "என்னம்மா?" என்றார்.

"எங்க காய் இல்ல சார்."

கொழுந்தன் பதறிப்போனார். "மதினி, நம்ம வடக்குக் காட்டுல கெடந்த காயி மதினி!"

"கெடந்தது நம்ம காட்டுலதேன். காய் நம்மது இல்ல. நம்ம வெதைக்கல, தண்ணி விடல. அது பறிச்சவுக காய்."

இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்துக் கடைகளில் நிறுத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. எல்லாரும் எங்கள் பக்கத்துச் சம்சாரிகள், நிலம் வைத்து விவசாயம் பார்க்கிறவர்கள். எல்லார் காட்டிலும் அதலைக்கொடி கிடக்கிறது. நான் சொன்னது அத்தனை பேர் காதிலும் விழுந்தது. யாரோ ஒரு தாத்தா பின்னாலிருந்து, "சரியாத்தேன் சொல்லுது அந்தப் பிள்ள. எங்க அய்யா காலத்துலருந்து அப்படித்தேன்" என்றார்.

ஆபீசர் பேனாவை மூடாமல் கேட்டார். "பறிச்சவங்க யாரு?"

நான் அக்காவைக் காட்டினேன்.

"இவங்களுக்கு நிலம் இருக்கா?"

"இல்ல சார்."

அவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். பிறகு, "அப்ப உள்ள வைக்க முடியாதேம்மா. இது விளைவிக்கிறவங்களுக்கான இடம். நான் என்ன செய்யட்டும்?" என்றார். அவர் மேல் தப்பில்லை. இல்லாத நிலத்துக்கு அவர் எங்கிருந்து கார்டு கொடுப்பார்?

அக்கா வந்து கூடையைத் தூக்கிச் சும்மாட்டில் வைத்துக்கொண்டு வெளியே போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொழுந்தன் தன் கடைக்குப் போகிற போக்கில், "வருசம் முச்சூடும் வாயத் தெறக்காதவுக, இன்னைக்குன்னு பாத்தா தெறக்கணும்?" என்று முணுமுணுத்தார்.

என் கடையில் உட்கார்ந்தேன். வழக்கத்தைக் காப்பாற்றியாகிவிட்டது, அந்த ஒரு கூடையை என்ன செய்வது? வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. எழுந்து வாசலுக்குப் போய் அக்காவுக்காக நான் கூவலாமா என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கு என்னிடமிருந்த சத்தம் அவ்வளவுதான், செலவாகிவிட்டது.

அப்போது வீரசோழனிலிருந்து வழக்கமாக வரும் ஒரு பெரியம்மா கத்தரிக்காய் வாங்க வந்தார். நிறுத்துப் பையில் போடும்போது, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "வெளிய சந்துக்குள்ள வேப்ப மரத்தடியில அதலைக்காய் இருக்கு, காலையில பறிச்சது" என்றேன்.

"அப்படியா? எங்க வீட்டுல அவுகளுக்குச் சுகரு, டாக்டரு கசப்பாச் சாப்பிடச் சொன்னாக. மொதல்லயே சொல்ல மாட்டியாமா?" என்று விறுவிறுவென்று போனார்.

அடுத்து வந்தவரிடமும் சொன்னேன். அதற்கடுத்தவரிடமும். கூவத்தான் எனக்கு வராது. தராசுக்கு எதிரில் நிற்கும் ஒருத்தரிடம் மெல்லப் பேசுவது வரும். அதுவும் ஒரு சத்தம்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எனக்குப் பக்கத்தில் வெங்காயம் வைத்திருந்தவர் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, தன்னிடம் வருகிறவர்களிடமும் சொல்ல ஆரம்பித்தார். எதிர்க் கடைக்காரம்மாவும் சொன்னார். மத்தியானத்துக்குள் எல்லாம் விற்றுவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். விற்கவில்லை. அடியில் கொஞ்சம் பிளந்துபோனது. ஆனால் முந்தின நாட்களைப்போல் பாதி வீணாகவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்காரப் பயமாக இருந்தது. அவரே தன் கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டார். பஸ் டவுனைத் தாண்டியது. பிறகு அவர் சொன்னார்:

"இத்தன வருசமா ஒனக்காக நான் தொண்ட கிழியக் கத்துனேன். நீ ஒரே ஒரு நாளு வாயத் தெறந்த. தெறந்து, என் கூடையத் தூக்கி வெளிய வச்சிட்ட."

எனக்கு அழுகை முட்டியது. அவர் என் தொடையில் ஓர் அடி வைத்தார்.

"அழாத கிறுக்கி. அந்தாளு பேனாவ எடுத்ததும் எனக்குக் கொல நடுங்கிருச்சு. வாயத் தெறக்கவும் வழியில்ல. நீ எங்க தலைய ஆட்டிருவியோன்னுல்ல பாத்துக்கிட்டு நின்னேன்."

மறுநாள் விடியும்போது, கொழுந்தன் காட்டில் அக்காவும் இன்னும் சில பெண்களும் இறங்கியிருந்தார்கள். நான் எங்கள் வரப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நின்றார். பெண்கள் குனிந்தபடியே அசையாமல் இருந்தார்கள். முந்தின நாள் சந்தையில் நடந்தது ஊருக்கெல்லாம் தெரியும். சொந்த மதினியே நம் காய் இல்லை என்று சொன்ன பிறகு அவர் என்ன சொல்லமுடியும்? என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு காட்டுப் பக்கம் திரும்பி,

"செடிய மிதிக்காமப் பறிங்க" என்றார்.

வருஷா வருஷம் சொல்கிற அதே வார்த்தை. பெண்கள் கைகள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

அந்தப் பருவத்திலேயே அக்கா கூரையை மேய்ந்துவிட்டார், புது ஓலையாகவே. உழவர் சந்தைக்குள் அவருக்கு இடம் கடைசிவரை கிடைக்கவில்லை. வேப்ப மரத்தடிதான். ஆனால் அதலைக்காய் வேண்டுமென்றால் அங்கே போகவேண்டும் என்பது வாங்க வருகிறவர்களுக்குப் பழகிவிட்டது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். இப்போது அதலைக்காய்க்கு நல்ல விலை என்கிறார்கள். மதுரையிலிருந்து வண்டி வருகிறதாம். உங்களிடமும் யாராவது நல்ல மனதோடு வந்து, உங்கள் பேரில் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்பார்கள். சரி என்று சொல்வது சுலபம். சொல்லுமுன் தராசைப் பார்க்காதீர்கள். காட்டை நினைத்துப் பாருங்கள். நாம் சந்தையில் சொல்வது காட்டில்தான் போய் நிற்கும்.

இதில் சரிபார்க்க வேண்டியவை பல. சந்தை திறந்த முதல் மழைக்காலமா, அடுத்ததா என்று எனக்குச் சந்தேகம். பறிச்சவுக காய் என்ற வார்த்தையை நானாகச் சொன்னேனா, அந்தத் தாத்தா சொல்லி நான் திருப்பிச் சொன்னேனா என்பதும் குழப்பமாக இருக்கிறது. அக்காவுக்கு எல்லாம் நினைவிருக்கும். பழைய வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் காது இப்போது சுத்தமாகக் கேட்பதில்லை. தெருவுக்கே கேட்கும்படி கத்தினால்தான் காதில் விழும். எனக்கு அவ்வளவு சத்தம் வராது. உங்களில் யாராவது போய்க் கேட்டு, பிழை இருந்தால் திருத்திவிடுங்கள்.